ஸ்கேன் அறையில் ஒரு மை டப்பா

எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருக்கும் அறைக்கும் நாங்கள் உட்கார்ந்து அதை இயக்கும் அறைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்கு மேலே இருக்கிற தட்டில், காதில் வைக்கும் பஞ்சுப் பொட்டலத்துக்கும் பேபி ஆயில் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு மை டப்பா இருக்கிறது. சின்ன டப்பாதான், உள்ளங்கைக்குள் ஒளித்துவிடலாம். சிவப்பு மூடி, மூடியில் பாதி தேய்ந்துபோன ஒரு மயில். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்கள் எல்லாரும் சீக்கிரமே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "அக்கா, இது உங்களுதா?" என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். "ஆமாம், என் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். இருந்த இடத்துல வெச்சுட்டுப் போய் வேலையைப் பாரு" என்பேன். உண்மையில் அது யாருடையது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே முதலில் யாரும் நம்பவில்லை.

தாம்பரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். நாள் முழுக்க முட்டி, முதுகு, கழுத்து. காட்டாங்குளத்தூரிலிருந்து பைக்கில் விழுந்துவிட்டு வரும் கல்லூரிப் பையன்கள், மாடிப்படியில் வழுக்கிய மாமிகள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் தொண்டை தேய்ந்துவிட்டது. உடம்பில் இரும்பு, உலோகம் ஏதாவது இருக்கிறதா? "இல்லை" என்பார்கள். அப்புறம் தாலிச் சரட்டில் ஊக்கு இருக்கும், இடுப்பில் அரைஞாண் இருக்கும், சட்டைக்குள்ளே தாயத்து இருக்கும். கேட்டால், "அதெல்லாம் உலோகமா மேடம், சாமியாச்சே" என்பார்கள். இவர்களோடு மல்லுக்கட்டித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் எப்போதாவது பிறந்த குழந்தை ஒன்று வரும். அன்றைக்கு மட்டும் நான் யாரையும் அதட்ட மாட்டேன். பிறந்த குழந்தையின் மூளைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் பயமானதும் அதுதான்.

இதில் நான் சொல்ல வந்தது எங்கள் சித்தப்பாவைப் பற்றி. அப்பாவின் தம்பி. மின்சார ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கும் கடற்கரை ஸ்டேஷனுக்கும் நடுவிலேயே ஆயுசைப் பாதி கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு எனக்கும் என் தங்கைக்கும் பெரியவர் என்று மிஞ்சியது அவர் ஒருவர்தான். சாமி, சாங்கியம், நல்ல நேரம், கெட்ட நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் திருஷ்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயுதபூஜை அன்று தெருவில் உடைத்துப் போட்ட பூசணிக்காயை விளக்குமாற்றால் ஓரம் தள்ளிக்கொண்டே, "உங்க வூட்டுத் திருஷ்டி கழிய, போறவன் வர்றவன் வழுக்கி வுழணுமா?" என்று வீட்டு வாசல்களைப் பார்த்துச் சத்தம் போடுவார். குன்றத்தூர் மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போனால் மலையடிவாரத்திலேயே டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். "நீங்க மேல போய் சொல்லிட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்கினு இருக்கேன்." எங்கள் இருவரின் சிறுவயதுப் போட்டோக்களிலும் கன்னத்தில் பொட்டு கிடையாது. கேமராக்காரர் 'ரெடி' சொல்லும்போது சித்தப்பா கைக்குட்டையால் துடைத்துவிட்டிருக்கிறார். "கொயந்த மூஞ்சில எதுக்கு கரி பூசறீங்க?" என்பாராம். அம்மாவுக்கும் அவருக்கும் இதில் தீராத சண்டை.

தங்கைக்குக் குழந்தை பிறந்தது எங்கள் மருத்துவமனையில்தான். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை, அப்போது நடுக்கடலில் இருந்தார். கடைசி நேரத்தில் கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது. அவசரமாக வெளியே எடுத்தார்கள். குழந்தை அழவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அறையில் எல்லாரும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம், அது வரவே இல்லை. அப்புறம் காற்று கொடுத்து, மார்பை அழுத்தி, என்னென்னவோ செய்த பிறகு பூனைக்குட்டி முனகுவதுபோல ஒன்று வந்தது. பெண் குழந்தை. மூளைக்கு எவ்வளவு நேரம் பிராணவாயு போகாமல் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூளை மேலும் கெடாமல் இருக்க, குழந்தையின் உடம்பைக் குளிர்வித்து வைக்கும் படுக்கையில் போட்டார்கள். மூன்று நாள் அந்தச் சில்லிப்பில் கிடந்தது. தொட்டால் கை ஜில்லென்றது. உயிரோடு இருக்கிற குழந்தை அப்படிச் சில்லென்று இருக்கக்கூடாது என்று என் கைக்குத் தெரிந்தது, வைத்தியம் அதுதான் என்று என் படிப்புக்குத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினேன்.

சித்தப்பா குழந்தைகள் பிரிவுக்கு வெளியே இருந்த நாற்காலியிலேயே குடியேறிவிட்டார். வீட்டுக்குப் போகச் சொன்னால், "போயி இன்னா பண்ணப் போறேன்?" என்பார். தங்கைக்குச் சாப்பாடு வாங்கி வருவார். அவள் சாப்பிடாமல் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

குளிர்விப்பது முடிந்து குழந்தையைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். மூளையின் அமைப்பைப் பார்க்கும் படங்களோடு ரத்த ஓட்டத்தையும் அளக்க வேண்டும். ரத்தம் குறைவாகப் போனாலும் கெடுதி, அடிபட்ட இடத்துக்கு அளவுக்கு மீறிப் பாய்ந்தாலும் கெடுதி. எல்லா இடத்துக்கும் ஒரே சீராகப் போனால் நல்லது, நம்பிக்கையோடு இருக்கலாம். பிறந்த குழந்தையின் ஸ்கேன் பார்க்கப் பழகியவர்கள் எங்களில் இரண்டே பேர்தான். இன்னொரு பையன் ஊருக்குப் போயிருந்தான். ஆக, நான்தான் எடுக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா கேட்டார். "ஏம்மா, ரத்தம் ஓடறத போட்டோ புடிக்க முடியுமா? அதுக்கு ஊசி கீசி போடுவீங்களா?"

ஊசி இல்லை, மருந்து இல்லை என்றேன். கழுத்துக்குள் மேலே ஏறுகிற ரத்தத்தை அந்தக் காந்தமே ஒரு அடையாளம் வைத்து அனுப்பும். கொஞ்சம் பொறுத்து மூளையைப் படம் எடுப்போம். அடையாளம் வைக்காமல் இன்னொரு படம் எடுப்போம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது, அந்த நேரத்துக்குள் மூளைக்கு வந்து சேர்ந்த ரத்தம். திரும்பத் திரும்ப இப்படி எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு ரத்தம் மெதுவாக ஏறும், அதனால் பெரியவர்களைவிட அதிகம் பொறுத்து எடுக்க வேண்டும். மிஞ்சுகிற வித்தியாசமோ துளியூண்டு. குழந்தை தலையை ஆட்டிவிட்டால் எல்லாம் போச்சு. இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல அவர் முகவாயைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"அதாவது, தாம்பரத்துல வண்டி கெளம்பறப்போ சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வுடற. அப்பால கொஞ்ச நேரம் கழிச்சு எல்லா ஸ்டேஷனையும் போட்டோ புடிக்கிற. கோடு போட்ட வண்டி எங்கெங்க வந்துகீதுன்னு பாக்கற. கரெக்டா?"

"அவ்வளவுதான் சித்தப்பா."

"எந்த ஸ்டேஷனுக்காச்சும் வரலன்னா?"

நான் எழுந்து மறுநாளுக்கான ஸ்கேன் சீட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் எடுப்பதாக ஏற்பாடு. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நாங்கள் மயக்க மருந்து கொடுப்பதில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, கதகதப்பான துணியில் கை கால் அசையாமல் இறுக்கிச் சுற்றி, காதில் பஞ்சு வைத்துத் தூங்க வைத்துவிடுவோம். குழந்தை தானாகத் தூங்குகிற அந்த நேரத்துக்குள் எல்லாப் படங்களையும் எடுத்து முடிக்க வேண்டும். இதில் கெட்டிக்காரி எங்கள் சிஸ்டர். கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். இயேசப்பாவிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டுத்தான் துணியை விரிப்பார். அவர் சுற்றினால் குழந்தை சோளக் கதிர்போல இருக்கும், தலை மட்டும் வெளியே தெரியும். அன்றைக்கும் குழந்தையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கழுத்து, இடுப்பு, கை, கால், ஒரு நூல்கூட இல்லை. தங்கை பால் கொடுத்தாள். சிஸ்டர் சுற்றி, கம்பளிக் குல்லாய் மாட்டி, என் அறைக்கு வெளியே இருந்த வராந்தாவில் தங்கையின் மடியில் விட்டுவிட்டு, நாடித் துடிப்பு பார்க்கும் கருவியைத் தயார் செய்வதற்காக உள்ளே வந்தார். தங்கைக்குத் தையல் வலி. சித்தப்பா, "நான் கொஞ்சம் வெச்சுக்கறேன் குடு" என்று வாங்கிக்கொண்டார். தங்கை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கயிறு, தாயத்து, மை, ஒண்ணும் இல்லையே?"

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இருக்கற எடத்துல அதெல்லாம் எப்டிமா இருக்கும்?"

சிரித்துவிட்டேன். அந்த நாட்களில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரைப் போய் இந்தக் கேள்வி கேட்டேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கதவருகிலேயே சிஸ்டர் கம்பளிக் குல்லாயைக் கழற்றி, ஸ்கேனுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய துணிக் குல்லாயை மாட்டினார். காதுகளை மூடி, குழந்தையைக் காற்றுத் தலையணைக்குள் பதித்து, இயந்திரத்துக்குள் அனுப்பினோம். குழந்தைக்குத் தலை நிறைய முடி. பிறக்கும்போதே காடுபோல வளர்ந்திருந்தது. அந்த முடியைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அமைப்பைக் காட்டும் முதல் படங்கள் வந்தன. நான் அவற்றைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என் புத்தி முழுக்க ரத்த ஓட்டத்திலேயே இருந்தது. இயந்திரம் தட தடவென்று அடித்தது. குழந்தை அசையவில்லை. கழுத்தில் அடையாளம், பொறுத்தல், படம். மறுபடி பொறுத்தல், படம். முடிந்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வண்ணப் படமாகக் கொடுத்தது. நீலமும் பச்சையுமாக ஒரு குட்டி மூளை. அதில் வலது பக்கம், காதுக்கு மேலே, ஒரு கறுப்புக் குழி. கறுப்பு என்றால் தார்போல. அங்கே ரத்தமே இல்லை.

எத்தனையோ குழந்தைகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட செய்தியை முதலில் பார்ப்பது எப்போதும் டெக்னீஷியன்தான். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. அடிப்பாவி, உன் தங்கச்சியின் குழந்தையடி என்று உள்ளே ஒரு குரல் அலறியது. இடது கையும் இடது காலும் வராமல் போகுமா, வலிப்பு வருமா என்று மனம் அது பாட்டுக்குப் படித்ததையெல்லாம் எடுத்துப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். வராந்தாக் கதவின் சதுரக் கண்ணாடி வழியாகச் சித்தப்பாவின் முகம் தெரிந்தது. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார்.

"எந்த ஸ்டேஷனுக்குமா வண்டி போவல?"

ஐயோ, அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம். ரயில்வேக்காரர் விபத்துச் செய்தி கேட்பதுபோலச் சன்னமாக, நேராகக் கேட்டார். "கொஞ்சம் இருங்க சித்தப்பா, டாக்டர் வரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ரேடியாலஜி மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அதிகம் பேசாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்ணப் படத்தைப் பார்த்தார். முகம் இறுகியது. அப்புறம் முதலில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"மூளையைப் பாக்காத. தோலைப் பாரு" என்றார்.

பார்த்தேன். குழிக்கு நேர் மேலே, தலையின் தோலும் உள்ளே நெளிந்துபோயிருந்தது, யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. மூளைக்குள் ரத்தம் போகாததற்கும் தோல் நெளிவதற்கும் சம்பந்தமே கிடையாது. இது எனக்குத் தெரியாததா? தினமும் பார்க்கிறதுதான். தலையில் கிளிப்பை மறந்துவிட்டு வருகிற பெண்களின் படத்தில் இதேதான் வரும். என் வீட்டுக் குழந்தை என்றதும் கண் அவிந்துபோயிற்று.

"குழந்தை தலையில ஏதோ இருக்கு. வெளிய எடுங்க" என்றார் மேடம்.

சிஸ்டர் குழந்தையை வெளியே கொண்டுவந்து, குல்லாயைக் கழற்றி, வலது காதுக்கு மேலே முடியைப் பிரித்தார். உள்ளே, காட்டுக்குள் ஒளித்து வைத்ததுபோல, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு. நன்றாகத் தடிமனாக, கருகருவென்று. காந்தத்துக்கு வெறும் கரி பிரச்சினையே இல்லை. ஆனால் கடையில் விற்கும் சில மைகளில் கறுப்பு கூட வேண்டும் என்பதற்காக இரும்புச் சத்துள்ள பொடி சேர்ப்பார்கள். இரும்பு இருக்கிற இடத்தைச் சுற்றிப் படம் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். இயந்திரத்துக்குள் உலோகம் சூடாகும் என்பதால், குழந்தைக்குச் சூடு பட்டிருக்குமோ என்று சிஸ்டர் தோலைத் தடவிப் பார்த்தார். சிவப்புகூட இல்லை. "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்த நொடி புயலாக வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"யாரும்மா இது வெச்சது? நான் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்துட்டுத்தானே குடுத்தேன்? எவ்ளோ பேஜார் ஆயிடுச்சு தெரியுமா?"

தங்கை மிரண்டுபோய் எழுந்தாள். "சத்தியமா நான் இல்ல சிஸ்டர். எனக்குத் தெரியவே தெரியாது" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். பெற்றவள், பயத்தில் செய்திருப்பாள் என்று நினைத்தேன். சித்தப்பா பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சிவப்பு மூடி போட்ட டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"நான்தாம்மா."

சிஸ்டர் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் சித்தப்பாவைத் தெரியும். குழந்தைகள் பிரிவு வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் பார்த்து முதல் நாளே லெக்சர் அடித்தவர் ஆயிற்றே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "எங்க போட்டோவுலகூட விடாம துடைச்சீங்களே சித்தப்பா! நான் கேட்டேனே, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதே சமயம் இன்னொன்றும் எனக்கு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்தக் குழி வெறும் மை என்று தெரிந்துவிட்டதே. கத்தும்போது எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆத்திரத்தில் வந்ததா, வயிற்றில் பால் வார்த்ததில் வந்ததா, எனக்கே தெரியவில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. குழிக்குக் கீழே உண்மையில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. மை மறைத்திருந்த இடத்தில் நிஜமாகவே ஒன்று இருந்துவிட்டால்? சிஸ்டர் பேபி ஆயிலைத் தொட்டுத் தொட்டு மையைத் துடைத்தார். லேசில் போகவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. பிறந்தபோது வராத சத்தம் அத்தனையும் சேர்ந்து இப்போது வந்தது. மேடம் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மறுபடி பசி எடுக்கும்வரை காத்திருந்து, பால் கொடுத்து, சுற்றி, தூங்க வைக்க வேண்டும். காத்திருக்கிற முட்டிக்காரர்களும் முதுகுக்காரர்களும் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நடுவில் ஒருவரை முடித்து அனுப்பிவிட்டு வெளியே வந்து சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்போ சித்தப்பா இந்த நம்பிக்கை வந்துச்சு?"

"நம்பிக்கையா? எனக்கா? இப்பவும் ஒண்ணியும் கிடையாதும்மா." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ மிஷின் ஓட்டற. அவ பால் குடுக்கறா. அந்த சிஸ்டரு சுத்தி வெக்கறாங்க. டாக்டருங்க மருந்து எழுதறாங்க. கப்பல்ல கீறவன்கூட போன் போட்டு அழுவறான். எனக்கு இன்னா வேலை கீது, சொல்லு? நாலு நாளா சேர்ல குந்திக்கினு கெடக்கறேன். அந்தக் கொயந்தைக்கு நான் ஒண்ணியும் பண்ணல. எதுனா பண்ணணும்னு கை பரபரக்குது. உங்கம்மா இருந்தா இன்னா பண்ணுவான்னு யோசிச்சேன். மார்க்கெட்டுல ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல போய் நின்னேன். நல்லா கருப்பா, அழியாததா குடுன்னு கேட்டேன். மை வாங்கறதுல நமக்கு இன்னா தெரியும்?"

அம்மா இருந்திருந்தால் விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து வைத்திருப்பாள். அதில் இரும்பு கிடையாது, படத்தில் ஒன்றுமே தெரிந்திருக்காது. காலமெல்லாம் பொட்டு வைத்தே பழகிய எந்தப் பெண் வைத்திருந்தாலும் இவ்வளவு தடிமனாக வைத்திருக்க மாட்டாள். வாழ்க்கையில் முதல்முறை வைக்கிற மனுஷன், அதுவும் யாருக்கும் தெரியாமல் வைக்கிறவர், அப்பி வைத்துவிட்டார். இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரயிலின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, குளிர் படுக்கையில் கிடந்த குழந்தையைப் போலவே சில்லிட்டிருந்தது.

சாயங்காலம் குழந்தை மறுபடி தூங்கியது. இம்முறை நானே முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். மேடம் என் பின்னாலேயே நின்றார். அடையாளம், பொறுத்தல், படம். கணக்கு முடிந்து வண்ணப் படம் மெல்லத் திரைக்கு வந்தது. நீலம், பச்சை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். வலது பக்கம், காதுக்கு மேலே, மற்ற இடங்களைப் போலவே சமர்த்தாகப் பச்சை. இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி காட்டியதுபோல இருந்தன. எங்கேயும் குறையவில்லை, எங்கேயும் மீறவில்லை. மேடம் மற்ற படங்களையும் பொறுமையாகப் பார்த்து முடித்தார். "இப்போதைக்கு நல்லா இருக்கு. வளர வளரப் பாத்துட்டேதான் இருக்கணும். ஆனா இது நல்ல படம்" என்றார். அதிகம் பேசாத அவர், போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் கதவைத் திறந்தேன். தங்கை என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சித்தப்பா எழுந்து நின்றார்.

"எல்லா ஸ்டேஷனுக்கும் வண்டி போகுது சித்தப்பா" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அப்பா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. சிஸ்டர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அழாதீங்க சார். இனிமே பொட்டு வெக்கணும்னா என்கிட்ட சொல்லுங்க, ஸ்கேன் முடிஞ்சதும் நானே வெக்கறேன்" என்றார். அழுகைக்கு நடுவிலேயே சித்தப்பா, "அதெல்லாம் மூடநம்பிக்கம்மா" என்றார். வராந்தாவே சிரித்தது. டப்பாவை நான் பறிமுதல் செய்து தட்டில் வைத்தேன்.

குழந்தை கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தாள். அந்தச் சில மாதங்கள் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு நிற்கவே இல்லை. இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாய் ஓயாது. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், சித்தப்பா அவளுக்குத் தாத்தா, வேலைக்காரர், ரயில் வண்டி எல்லாம்.

போன மாதம் சித்தப்பாவுக்கு அடிக்கடி தலை சுற்றியது. தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். என்னிடமே வந்தார். அதே வராந்தா, அதே நாற்காலி. வெயிலுக்காகத் தொப்பி போட்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார். நான் ஒப்புக்கு என் பழைய கேள்வியைக் கேட்டேன். "கயிறு, தாயத்து, மை, ஒண்ணும் இல்லையே?"

சித்தப்பா தொப்பியை எடுத்தார். வழுக்கைத் தலையில், வலது காதுக்கு மேலே, வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு.

"கீதும்மா. பாப்பா வெச்சுது. தாத்தா ஸ்கேனுக்குப் போறாருன்னதும், அதோட டான்ஸ் மேக்கப் பொட்டியிலேர்ந்து மை எடுத்து வெச்சுடுச்சு. ஆட்டோவுலயே தொடைச்சுக்கலாம்னு பாத்தேன். மனசு வரல. நீயே தொடைச்சுடு."

ஆயில் தொட்டுத் துடைத்தேன். இந்த முறை சீக்கிரமே போய்விட்டது. படங்கள் எடுத்தேன். கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது, அதற்குப் பயிற்சி போதும் என்றார் மேடம். மூளைக்கு ரத்தம் வயசுக்கு ஏற்ற மாதிரி நன்றாகவே ஓடியது. வெளியே வந்த சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பாமல் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன சித்தப்பா?"

"திரும்ப வெச்சுடு. வூட்டுக்குப் போனதும் செக் பண்ணும்."

தட்டிலிருந்து மயில் டப்பாவை எடுத்தேன். இத்தனை வருடத்தில் மை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு சொட்டு பேபி ஆயில் விட்டு விரலால் குழைத்தேன். அவர் தலையைச் சாய்த்துக் காட்டினார். ஸ்கேனுக்கு உள்ளே இரண்டு தடவை அசைந்து என்னிடம் திட்டு வாங்கியவர், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். வைத்து முடித்ததும் அறையின் பெரிய கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வெய்யிம்மா" என்றார். "பாப்பா வெச்சது இத்த வுட பெருசு."